சூரியப் புள்ளி: தோற்றமும் மறைவும்

2024 மே மாதத்தின் இரண்டாம் வாரம். அஸர் தொழுதுவிட்டு முன்னேஸ்வரத்திலிருந்து சிலாபம் கடற்கரைக்குப் போயிருந்தேன். அங்கே நின்ற என் மாணவன் ஒருவன் ஓடிவந்து, "சேர், சூரியன்ல கறுப்பா பொட்டொண்டு ஈக்குது, பாருங்க!" என்றான்.

நான் சூரியனைப் பார்க்கவில்லை, அவனுடைய கண்களைத்தான் பார்த்தேன். காரணம் இருக்கிறது. 1995 ஒக்டோபர் கிரகணத்தை எக்ஸ்ரே படத்துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தவன் நான். அன்று வலக்கண்ணின் நடுவில் விழுந்த மங்கல் இன்றும் போகவில்லை. அந்தக் கண்ணால் மட்டும் ஓதினால் எழுத்தொன்று எங்கோ குறையும். மாலைச் சூரியன்தானே என்று நினைப்பதும் பிழை. கண்ணுக்கு இதமாகத் தெரிவதெல்லாம் கண்ணுக்குப் பாதுகாப்பானதல்ல.

ஆனால் பையன் சொன்னது பொய்யில்லை. அந்த நாட்களில் சூரியனின் முகத்தில் 3664 என்று இலக்கமிடப்பட்ட புள்ளிக் கூட்டம் இருந்தது. ஏறத்தாழ பதினைந்து பூமிகளை வரிசையாக வைத்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம். அதிலிருந்து கிளம்பிய வெடிப்புகளால் மே 10ஆம் திகதி இரவு லடாக்கின் ஹன்லே வானம்கூடச் சிவந்தது.

மறுநாள் பழைய பைனாகுலர் ஒன்றை எடுத்து, ஒரு குழாயை மூடி, மற்றதன் வழியாக வெயிலை வெள்ளை அட்டையில் விழுத்தினோம். பைனாகுலருக்குள் யாரும் கண் வைக்கக் கூடாது என்பது கண்டிப்பான நிபந்தனை. அட்டையில் பெரிய காசளவு சூரியன், அதன் ஓரமாகக் கறை. பென்சிலால் குறித்துக்கொண்டோம்.

சந்திரனுக்குத்தான் களங்கம் என்று தமிழ் படித்தவன் நான். சூரியனுக்கு எப்படி வந்தது?

றமழானில் பள்ளி முற்றத்தில் நோன்புக் கஞ்சி கொதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் சூடானது மேலே வரும், பரவும், ஆறியது கீழே இறங்கும். சூரியனின் மேற்படையும் இப்படித்தான் கொதிக்கிறது. உள்ளிருக்கும் வெப்பம் வெளியே வருவது இந்தக் கொதிப்பினால்தான். ஓரிடத்தில் பலமான காந்தப்புலம் குறுக்கிட்டால் கொதிப்பு அங்கே அடங்கிவிடும். வெப்பம் வரத்துக் குறைய, அந்த இடம் ஆறுகிறது. சுற்றிலும் சுமார் 5,500 பாகை செல்சியஸ் என்றால், புள்ளியின் நடுவில் 3,500 அளவுதான். அதுவும் உருக்கிய இரும்பைவிடச் சூடு. தனியே எடுத்து இரவு வானில் வைத்தால் முழுநிலவைவிடப் பிரகாசிக்கும். பக்கத்திலுள்ள ஒளிதான் அதைக் கறுப்பாக்கிக் காட்டுகிறது.

அந்தக் காந்தப்புலம் எங்கிருந்து வருகிறது? சூரியன் பூமியைப்போல் கட்டியான உருண்டை அல்ல. அதன் நடுக்கோட்டுப் பகுதி சுமார் 25 நாளில் ஒரு சுற்றுச் சுற்றும், துருவப் பக்கம் சுமார் 35 நாள் எடுக்கும். இந்த இழுபறியில் உள்ளேயுள்ள காந்தக் கோடுகள் நீண்டு, சுற்றுண்டு, கயிறாக முறுகுகின்றன. முறுகிய கயிறு மிதந்து மேலே வந்து வளைவாக மேற்பரப்பைக் கிழிக்கும். வெளியேறும் இடத்தில் ஒரு புள்ளி, திரும்ப உள்ளே போகும் இடத்தில் இன்னொன்று. ஒன்று வடமுனை என்றால் மற்றது தென்முனை. புள்ளிகள் பெரும்பாலும் சோடியாக, கூட்டமாக வருவது இதனால்தான். முதலில் ஊசித்துளை போன்ற கறுப்புகள் தோன்றும். அவை சேர்ந்து கருநிழலாகும். பிறகு அதைச் சுற்றி இழை இழையாக அரைநிழல் விரியும்.

புள்ளிக்குள் காந்தப்புலம் இருப்பதை 1908இல் அமெரிக்காவில் ஹேல் கண்டுபிடித்தார். அடுத்த முக்கிய செய்தி நமக்கு அயலிலுள்ள மலையொன்றிலிருந்து வந்தது. 1909 ஜனவரி 5ஆம் திகதி, கொடைக்கானல் வானாய்வு நிலையத்தில் ஜோன் எவர்ஷெட், அரைநிழலில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டார். இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கப்படுகிறது. அந்த நிலையம் அங்கே எழுந்ததற்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. 1876-78இல் தென்னிந்தியாவைப் பஞ்சம் தின்றது. சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் பருவமழையின் போக்குப் பிடிபடும் என்று அன்றைய ஆட்சியாளர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை நெல்வயலுக்கு உதவுமளவுக்குப் பலிக்கவில்லை. ஆனால் 1904 முதல் அங்கே எடுத்துவந்த படங்கள், நூறு வருடத்துச் சூரியனின் முகத்தைச் சேர்த்துவைத்திருக்கின்றன.

புள்ளி வளரும்போதே தேய்வும் தொடங்கிவிடுகிறது. சுற்றியுள்ள கொதிப்பு அதன் ஓரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். கருநிழலின் குறுக்கே ஒளிக்கீற்று ஒன்று பாலம்போல விழுந்து அதைப் பிளக்கும். சோடியில் பின்னால் வருவது பெரும்பாலும் முதலில் சிதறும், முன்னால் போவது வட்டமாகச் சில காலம் தாக்குப்பிடிக்கும். சிறியவற்றுக்கு ஆயுள் சில மணித்தியாலம் அல்லது சில நாள், பெரியவற்றுக்குச் சில வாரம், அருமையாகச் சில மாதம். புள்ளி மறைந்தாலும் காந்தப்புலம் துண்டு துண்டாக மேற்பரப்பில் பரவிக் கிடக்கும். மொத்தப் புள்ளிகளும் ஏறத்தாழ 11 வருடத்துக்கொருமுறை பெருகிக் குறைகின்றன.

இப்னு ருஷ்த் நினைவுக்கு வருகிறார். புதன் சூரியனுக்கு நேரே வரும் என்று கணித்த வேளையில் அவர் சூரியனில் கறுப்பாக ஏதோ கண்டதாகக் கொப்பர்னிக்கஸ் எழுதியிருக்கிறார். புதனோ வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அவர் கண்டது சூரியப் புள்ளியாகத்தான் இருக்கும். தொலைகாட்டி வருவதற்கு நானூறு வருடம் முன்பு!

எங்களுக்கு மூன்று நாள்தான் வெயில் கிடைத்தது. மூன்று குறிகளும் ஒன்றிலிருந்து ஒன்று விலகி, சூரியனின் மேற்கு விளிம்பை நோக்கிப் போயிருந்தன. பிறகு மழை. மே 14 அளவில் கூட்டம் விளிம்பைத் தாண்டியது.

"இனி வராதா சேர்?" என்றான் பையன்.

வந்தது. மே மாதக் கடைசியில் 3697 என்ற புதிய இலக்கத்தோடு, முன்னைவிடச் சிறுத்து. ஜூன் கடைசியில் மூன்றாம் முறையாக, 3723 என்ற இலக்கத்தில், மிகவும் தேய்ந்துபோய். அந்த அட்டையை அவன் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறான்.