நிலையான சமாதானமும் நாடுகளின் கூட்டுறவும்

உலகிற் போரை விரும்புவோர் சிலர். சமாதானத்தை விரும்புவோர் பலர். அவ்வாறிருந்தும் போர் ஒழிந்தபாடில்லை. இதன் காரணம் யாது? சமாதானத்தை விரும்புதல் வேறு. அதனைப் பேணுதற்கேற்ற ஏற்பாடுகளை அமைத்தல் வேறு. பாரிசு நகரில் ஒப்பமிடப்பட்ட இரண்டு உடன்படிக்கைகள் இவ்வேறுபாட்டைத் தெளிவுறக் காட்டுகின்றன.

முதலாவது உடன்படிக்கை 1928 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 27 ஆம் நாள் எழுந்தது. பிரான்சு, ஜேர்மனி உள்ளிட்ட பதினைந்து நாடுகள், போரைத் தம் தேசியக் கொள்கையின் கருவியாகக் கொள்வதில்லை என உறுதி கூறின. பின்னர் மேலும் பல நாடுகள் அதனை ஏற்றன. ஆயினும், பதினொரு ஆண்டுகளில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. உறுதிமொழி இருந்தது, அதனை மீறுவோரைத் தடுக்கும் அமைப்பு இருக்கவில்லை. பகைவர் இருவரும் நாள்தோறும் ஒருங்கிருந்து ஆற்றவேண்டிய பொதுப்பணி எதனையும் அது வகுக்கவுமில்லை.

பிரான்சும் ஜேர்மனியும் 1870 முதல் 1945 வரை மூன்று முறை பொருதின. இப்பகைக்குக் காரணங்கள் பல; அவற்றுள் நிலத்தின் வளமும் ஒன்று. ஜேர்மனியின் றூர்ப் பிரதேசத்தில் நிலக்கரி மிகுதி. எல்லைப்புறமான லொறேனில் இரும்புத்தாது மிகுதி. உருக்குச் செய்தற்கு இரண்டும் வேண்டும், உருக்கின்றேற் பீரங்கியில்லை. 1871 இல் லொறேனின் ஒரு பகுதியை ஜேர்மனி கவர்ந்தது. முதலாம் உலகப் போரின் பின் பிரான்சு அதனை மீட்டது. நட்டஈடு வந்து சேரவில்லை எனக் கூறி 1923 இல் பிரான்சியப் படைகளும் பெல்ஜியப் படைகளும் றூர்ப் பிரதேசத்துட் புகுந்தன. ஒருவர் வெற்றி மற்றவர் வஞ்சினத்திற்கு வித்தாயிற்று.

இவ்வட்டத்தை உடைக்கும் வழியொன்றைப் பிரான்சிய வெளிநாட்டமைச்சர் றொபேட் சூமன் 1950 ஆம் ஆண்டு மே 9 ஆம் நாள் வெளியிட்டார். லொறேன் குடும்பத்திற் பிறந்த அவர், முதலில் ஜேர்மனியக் குடிமகனாயிருந்து, முதலாம் உலகப் போரின் பின் பிரான்சியரானவர். எல்லைப்புற மக்களின் இன்னலை நன்கறிந்தவர். இரு நாடுகளின் நிலக்கரி, உருக்கு உற்பத்தி முழுவதையும் ஒரு பொது அதிகாரசபையின்கீழ் வைத்தல் வேண்டும் என்பதே ழான் மொனே வகுத்த அத்திட்டத்தின் சாரம். 1951 ஏப்பிரல் 18 இற் பிரான்சு, மேற்கு ஜேர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பேர்க்கு ஆகிய ஆறு நாடுகளும் பாரிசில் இரண்டாவது உடன்படிக்கையில் ஒப்பமிட்டன.

இது வெறும் உறுதிமொழியன்று. அதிகாரசபையின் ஒன்பது உறுப்பினரும் தத்தம் அரசாங்கங்களின் கட்டளையை ஏற்றலாகாது என விதிக்கப்பட்டது. பிணக்குகளைத் தீர்க்க நீதிமன்றமொன்று அமைந்தது. 1953 இல் நிலக்கரி, இரும்புத்தாது, உருக்கு என்பவற்றின்மீதான சுங்கத் தடைகள் அந்நாடுகளிடையே பெரும்பாலும் நீங்கின. தொழிலாளருக்கு வீடமைக்கவும், வேலையிழந்த சுரங்கத் தொழிலாளரைப் பிறதொழிலுக்குப் பயிற்றவும் பொதுநிதி உதவியது. பீரங்கிக்குரிய உருக்கின் கணக்கு அயலவர் அறியாததாயிருக்கும் நிலை மாறியது. அச்சம் குறைந்தவிடத்து நம்பிக்கை வளர்ந்தது. ஐம்பதாண்டுக் காலவரையறையுடைய அவ்வுடன்படிக்கை 2002 இல் முடிவுற்றது. அதுகாறும் அவ்வறுவரும் தம்முட் போர் புரிந்திலர், அதன்பின்னரும் புரிந்திலர்.

எனினும், இதனை மிகைப்படுத்தல் தகாது. அமெரிக்காவின் துணையும் சோவியத் நாட்டைப் பற்றிய அச்சமும் அவ்வொற்றுமைக்கு உதவின. மேலும், ஐரோப்பாவில் அண்டை நாட்டோடு சமாதானம் பேணிய பிரான்சு, அக்காலத்திலேயே இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் போர் புரிந்தது. சிலருக்குள் அடங்கிய கூட்டுறவு சிலருக்கே சமாதானம் தரும். 2022 இல் உக்ரேயின்மீது ரஷ்யா தொடுத்த பெரும்படையெடுப்பும், கூட்டுறவின் எல்லை முடியுமிடத்தில் ஆபத்துத் தொடர்வதை நினைவூட்டிற்று.

1945 இல் எழுந்த ஐக்கிய நாடுகள் சாசனமும், நாடுகளிடையே நட்புறவு நிலைபெறப் பொருளாதார, சமூகத் துறைகளில் ஒத்துழைப்பு வேண்டுமெனத் தன் 55 ஆம் உறுப்புரையில் வற்புறுத்துகின்றது. அயலவன் சுபீட்சத்தில் தன் சுபீட்சமும் தங்கியுள்ளது என ஒவ்வொரு நாடும் உணருமாறு பொதுப்பணிகள் பெருகுதல் வேண்டும். போரில்லாத இடைவேளை சமாதானமாகாது. கூடி உழைக்கும் வழக்கமே சமாதானத்தின் உறுதியான அத்திவாரமாகும்.