மெரினா வானில் இறக்கை வரைந்த மேகம்

ஆம்பூரில் இருக்கும் விமானப் பித்தர்களுக்கு இரண்டு திசையிலும் வானம் திறந்திருக்கிறது. மேற்கே ரயிலேறினால் பெங்களூரு. அங்கே எலகங்கா விமானப்படைத் தளத்தில் 1996 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏரோ இந்தியா நடக்கிறது. கிழக்கே ரயிலேறினால் சென்னை. ஆனால் மெரினாவில் 2003க்குப் பிறகு 21 ஆண்டுகள் விமான சாகசம் நடக்கவே இல்லை. 2024 அக்டோபர் 6 அன்றுதான், விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவை ஒட்டி, 72 விமானங்கள் மெரினாவுக்கு மேலே வந்தன. அன்று ஞாயிறு. ஷூ கம்பெனிகளுக்கும் டேனரிகளுக்கும் விடுமுறை. காலை வண்டியில் கேமரா பையோடு நான் ஏறியபோது, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பல குடும்பங்களும் அங்கேதான் புறப்பட்டிருந்தன.

எலகங்காவிலும் படம் எடுத்திருக்கிறேன், மெரினாவிலும் எடுத்திருக்கிறேன். அதே தேஜஸ் போர் விமானம், அதே சூரியகிரண் சாகசக் குழு. ஆனால் படங்கள் ஒன்றுபோல் இல்லை. மெரினா படங்களில், விமானம் கூர்மையாகத் திரும்பும் கணத்தில் அதன் முதுகின் மேல் ஒரு வெண்மேகம் பிறக்கிறது. நேராகப் பறக்கத் தொடங்கியதும் அது கரைந்துவிடுகிறது. "புகை விடுறாங்க பாரு" என்று பக்கத்தில் நின்ற ஒருவர் தன் மகளுக்குச் சொன்னார். "இல்லைங்கண்ணா, அது காத்துல இருக்கிற ஈரம்தான்" என்றேன். அந்தச் சிறுமி என்னை நம்பவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அவளுக்கு அங்கே விளக்கிச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

விமானத்தைத் தூக்கி நிறுத்துவது இறக்கைக்கு மேலும் கீழும் உள்ள காற்றழுத்த வேறுபாடு. மேலே அழுத்தம் குறைவு, கீழே அதிகம். கூர்மையாகத் திரும்பும்போது விமானம் தன் எடையைப் போல் ஐந்து, ஆறு மடங்கு சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். அப்போது இறக்கையின் மேற்புறத்தில் அழுத்தம் மேலும் சரிகிறது. அழுத்தம் திடீரென்று குறைந்தால் காற்று விரிகிறது, விரியும் காற்று குளிர்கிறது. கணக்குப் போட்டால், அழுத்தம் பத்து சதவீதம் குறையும்போது 33 டிகிரியில் இருக்கும் காற்று ஏறத்தாழ 9 டிகிரி குளிர்ந்துவிடும். அக்டோபரில் சென்னைக் கடற்காற்று 24, 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும். ஆகவே ஒரு நல்ல திருப்பம் போதும், மேகம் பிறந்துவிடும்.

எலகங்கா கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏரோ இந்தியா நடப்பது பிப்ரவரியில். பீடபூமியின் அந்த வறண்ட காற்று பதினைந்து டிகிரிக்கு மேல் குளிர்ந்தால்தான் துளி கட்டும். அதே விமானி அதே திருப்பத்தைச் செய்தாலும் வானம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும்.

தேஜஸ், ரஃபேல், மிராஜ் ஆகிய மூன்றும் முக்கோண இறக்கை கொண்டவை. மூக்கைத் தூக்கும்போது இறக்கையின் முன்விளிம்பில் காற்று சுருண்டு, இரு பக்கமும் இரண்டு சுழல்களாக ஓடும். சுழலின் நடுவில் அழுத்தம் மிகக் குறைவு. அதுதான் மெதுவான வேகத்திலும் விமானத்தை விழாமல் பிடித்திருக்கிறது. பொறியியல் மாணவர்கள் பாடப் புத்தகத்தில் அம்புக்குறிகளாகப் பார்க்கும் அந்தச் சுழலை, கடற்கரையில் நிற்கும் எவரும் வெறும் கண்ணால் வெள்ளைக் கோடாகப் பார்க்கலாம். கடலோர விமான சாகசத்தின் ஆகப் பெரிய பரிசு இதுதான் என்பேன்.

கடற்கரையைத் தேர்ந்தெடுப்பதற்குப் பாதுகாப்பும் ஒரு காரணம். 1988 ஆகஸ்ட் 28இல் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் இத்தாலிய சாகசக் குழுவின் விமானங்கள் மோதிக் கூட்டத்தில் விழுந்ததில் 70 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பல நாடுகளில் விதிகள் இறுகின. 2019 பிப்ரவரியில் எலகங்காவில் ஒத்திகையின்போது சூரியகிரணின் இரண்டு ஹாக் விமானங்கள் மோதியதில் விங் கமாண்டர் சாஹில் காந்தியை இழந்தோம். கடலுக்கு மேல் பறந்தால், தவறு நேர்ந்தாலும் கீழே வீடுகள் இல்லை.

சென்னை போகும் வண்டி அரக்கோணத்தைக் கடக்கும்போது சன்னலோரம் உட்காருவது எங்கள் பக்கத்து விமானப் பித்தர்களின் பழக்கம். அங்கே ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளம் 1992 முதல் இயங்குகிறது. நான்கு என்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரட்டைப் புரொப்பெல்லர் கொண்ட ரஷ்யாவின் டியூ-142 விமானம் 2017 வரை அங்கிருந்துதான் பறந்தது. இப்போது நீர்மூழ்கிகளைத் தேடும் பி-8ஐ பறக்கிறது. போயிங் 737 பயணிகள் விமானத்தின் உடலை அடிப்படையாகக் கொண்டது அது. கடலுக்கடியில் இருக்கும் இரும்புக் கூட்டால் பூமியின் காந்தப்புலத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தை உணரும் கருவி அதன் வாலில் இருக்கிறது. நம் வட்டாரத்து விமானமான பி-8ஐ மெரினா அணிவகுப்பிலும் வந்தபோது, கேமராவைத் தூக்குவதற்கு முன்பு கையசைத்தேன்.

படம் எடுக்கப் போகிறவர்களுக்குச் சில செய்திகள். சத்தம் வரும் திசையில் பார்க்காதீர்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளி மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்தின் ஒலி உங்கள் காதை எட்ட மூன்று விநாடி ஆகும். அதற்குள் விமானம் 700 மீட்டர் முன்னே போயிருக்கும். ஜெட் விமானத்துக்கு ஷட்டர் வேகம் 1/1000 விநாடிக்கு மேல் இருக்கட்டும். பழைய புரொப்பெல்லர் விமானங்களான டகோடாவுக்கும் ஹார்வர்டுக்கும் அதே வேகத்தை வைத்தால் புரொப்பெல்லர் உறைந்து நின்று, என்ஜின் அணைந்த விமானம்போலப் படம் விழும். 1/125 விநாடிக்கு இறங்கி, விமானத்தோடு கேமராவை நகர்த்த வேண்டும். 1947 அக்டோபர் 27இல் நம் படைவீரர்களை ஸ்ரீநகரில் இறக்கியது டகோடாதான். அதற்காகக் கொஞ்சம் கை வலிக்கலாம்.

சூலூரைத் தளமாகக் கொண்ட சாரங் சாகசக் குழுவின் துருவ் ஹெலிகாப்டருக்கு இன்னும் பொறுமை வேண்டும். அதன் ரோட்டர் நிமிடத்துக்கு 300க்கும் சற்று அதிகமாகத்தான் சுற்றுகிறது. 1/60 விநாடியில் ஓர் இறகு 30 டிகிரி நகரும், அப்போதுதான் சுழற்சி படத்தில் தெரியும். ஒளிமிக்க வானத்தைப் பார்த்துக் கேமரா ஏமாந்து விமானத்தைக் கருப்பாக்கிவிடும் என்பதால், எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். சூரியகிரணின் ஒன்பது ஹாக் விமானங்கள் விட்டுச் செல்வதுதான் நிஜமாகவே புகை என்று நினைப்போம். அதுவும் புகை அல்ல. சூடான என்ஜின் வெளியேற்றத்தில் டீசலைப் பீய்ச்சினால் அது ஆவியாகி, குளிர்ந்து, நுண்துளிகளாக நிற்கிறது. வண்ணத்துக்குச் சாயம் சேர்க்கிறார்கள்.

இனி எழுதப்போவதைத் தவிர்க்க முடியாது. அன்று வந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். 15 லட்சம் என்ற மதிப்பீடும் உண்டு. நிகழ்ச்சி காலை 11 மணி முதல் பகல் 1 மணி வரை. ஐந்து பேர் இறந்தார்கள். மயங்கி விழுந்தவர்கள் பலர். இறக்கைமேல் மேகம் வரைந்த அதே ஈரக்காற்றுதான் கீழே மனித உடலை வாட்டியது. வியர்ப்பதால் மட்டும் உடல் குளிர்வதில்லை, வியர்வை உலர்ந்தால்தான் குளிரும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். ஆவியாகாமல் வழிந்து மணலில் சொட்டினால் நீரும் உப்பும் போனதுதான் மிச்சம். டேனரியில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும்: மழைக்கால ஈரத்தில் ஷெட்டில் தொங்கவிட்ட தோல் நாள்கணக்கில் காயாது, காற்றோட்டம் இருந்தால்தான் காயும். தோளோடு தோள் இடித்து நிற்கும் கூட்டத்தின் நடுவே கடற்காற்று எப்படி நுழையும்?

உச்சி வெயிலைத் தேர்ந்தெடுத்தது படக்காரனாகப் பார்த்தாலும் சரியில்லை. அன்று நண்பகலில் சூரியன் சென்னைக்கு மேல் 72 டிகிரி உயரத்தில் இருந்தது. ஒளி விமானத்தின் முதுகில் விழ, நாம் பார்க்கும் வயிற்றுப்பகுதி நிழலில் கிடந்தது. மெரினா கிழக்கு நோக்கிய கடற்கரை. மாலை மூன்றரைக்குத் தொடங்கினால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னே, மேற்கே சாய்ந்திருக்கும். எதிரே கடலுக்கு மேல் பறக்கும் விமானம் முழுதாக ஒளியில் நனையும். வெயிலின் கடுமையும் தணிந்திருக்கும். அக்டோபர் மாலைகளில் இடிமழை வரக்கூடும், இருட்டில் கூட்டம் கலைவதும் எளிதல்ல என்பது உண்மை. ஆனாலும் மழை வந்தால் நிகழ்ச்சியை நிறுத்திவிடலாம்.

மெரினாவில் அடுத்த விமான சாகசத்தைத் திட்டமிடுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது: மாலையில் நடத்துங்கள். எலியட்ஸ் கடற்கரை வரை கூட்டத்தைப் பிரித்து நிறுத்துங்கள். நூறு நூறு மீட்டருக்குக் குடிநீரும் நிழலும் வையுங்கள். போகிறவர்கள் லென்ஸுக்கு முன்பு தண்ணீர் பாட்டிலையும் உப்புச் சர்க்கரைக் கரைசலையும் பையில் வையுங்கள். பக்கத்தில் நிற்பவர் பேச்சுக் குழறினாலோ, நிற்கத் தடுமாறினாலோ, உடனே அவரை நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108ஐ அழையுங்கள்.