செத்த கிருமியும் சோதனையில் தெரிவது ஏன்?

காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக் குணமானவரின் சளியிலும் பிசிஆர் சோதனை சில நேரம் ‘கிருமி உண்டு’ என்கிறது. ஏன்? அது தேடுவது டிஎன்ஏவை. செத்த கிருமியின் டிஎன்ஏ உடனே அழிந்துவிடுவதில்லை. அதனால்தான் சிகிச்சை பலிக்கிறதா என்றறிய இன்றும் சளியை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள், கிருமியை வளர்த்தும் பார்க்கிறார்கள்.

டிஎன்ஏவை வைத்துக் கிருமிகளைக் கணக்கிடும்போது, மலம், மண் போலப் பல கிருமிகள் கலந்த மாதிரியில் சிக்கல் இன்னும் பெரிது. எல்லா பாக்டீரியாவிலும் உள்ள 16எஸ் மரபணுவைப் படித்து, எது எவ்வளவு என்று கணிக்கிறார்கள். ஆனால் அந்த மரபணு ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் 7 நகல். காசநோய்க் கிருமியில் ஒன்றே ஒன்று. இரண்டும் சம எண்ணிக்கையில் இருந்தாலும் ஈ.கோலை பல மடங்காகத் தோன்றும். ஆகவே அறிக்கையின் சதவீதத்தை அப்படியே நம்பக் கூடாது. சீதபேதி தரும் ஷிகெல்லாவையும் ஈ.கோலையையும் இம்முறை பிரித்தறியாது. டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும்போது கெட்டிச் சுவருள்ள கிருமி சரியாக உடையாவிட்டால், அது கணக்கிலேயே வராமல் போகும்.