பயாஃப்ரா: அடைபட்ட உணவு வழி

நைஜீரியாவின் கிழக்குப் பகுதி 1967 மே 30 அன்று பயாஃப்ரா என்னும் தனி நாடாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. ஜூலையில் போர் மூண்டது. கூட்டாட்சி அரசு கடல்வழியையும் தரைவழியையும் அடைத்தது. 1968 மே மாதத்தில் போர்ட் ஹார்கோர்ட் துறைமுகமும் பயாஃப்ராவின் கையைவிட்டுப் போயிற்று.

அப்பகுதி மக்களின் முதன்மை உணவு கிழங்கு. மாவுச்சத்து ஓரளவேனும் கிடைத்தது. புரதமோ பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்த மாடுகளையும் நார்வேயிலிருந்து வந்த உலர்மீனையும் சார்ந்திருந்தது. முற்றுகை தடுத்தது இவற்றையே. குழந்தைகளிடம் குவாஷியார்கர் நோய் பரவியது. அந்நோயில் கால்கள் வீங்கும், தலைமயிர் நிறம் வெளுக்கும்; வீக்கத்தைக் கண்டு நல்ல ஊட்டமென எண்ணுவோர் ஏமாறுவர்.

உலகில் உணவு இல்லாமலில்லை. தகராறு வழியைப் பற்றியது. நிவாரண விமானங்கள் தன் சோதனைக்கு உட்பட்டுப் பகலில் செல்லவேண்டும் என்றது நைஜீரியா. பகல்வழி திறந்தால் போர் விமானங்களும் அதைப் பயன்படுத்தும் என அஞ்சியது பயாஃப்ரா. ஆகவே ஊலி என்னுமிடத்தில், நெடுஞ்சாலையே ஓடுதளமாக, இரவில் உணவு இறங்கியது. ஆயுதங்களும் அங்கேயே இறங்கின என்பதை மறைப்பதற்கில்லை. 1969 ஜூன் 5 அன்று செஞ்சிலுவைச் சங்க விமானமொன்று சுட்டு வீழ்த்தப்பட்டதும் அச்சங்கம் தன் விமானப் பணியை நிறுத்தியது. திருச்சபைகளின் விமானங்கள் தொடர்ந்து சென்றன.

போர் 1970 ஜனவரியில் முடிந்தது. ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977ஆம் ஆண்டின் இரண்டாம் கூடுதல் நெறிமுறை, உள்நாட்டுப் போரிலும் குடிமக்களைப் பட்டினியிடுவதைப் போர்முறையாகக் கொள்ளலாகாது என 14ஆம் பிரிவில் விதித்தது. ஆயினும் அதன் 18ஆம் பிரிவு, நிவாரணம் செல்வதற்குச் சம்பந்தப்பட்ட அரசின் இசைவை இன்னமும் கோருகிறது.