குளிர்கால லாரி எஞ்சின் சத்தம்: எது சகஜம், எது ஆபத்து?

டில்லியில் மார்கழி பிறந்துவிட்டால், சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் விடியற்காலை கேட்கும் சத்தமே தனி ரகம். பனிமூட்டத்தில் வரிசையாக நிற்கும் லாரிகளில் ஒவ்வொன்றாகச் செல்ஃப் அடிப்பார்கள். வெள்ளைப் புகை கிளம்பும். ஜல்லி அரைக்கிற மாதிரி எஞ்சின் கடகடவென்று இரையும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வண்டிகளில் முதல் தடவையாக வடக்கே வரும் டிரைவருக்கு அந்தச் சத்தம் வயிற்றைக் கலக்கும். ஊரில் இழைந்து ஓடிய வண்டி இங்கே வந்து ஏன் இப்படி அலறுகிறது?

இந்த இடத்தில்தான் பணம் போகிறது. பாஷை தெரியாத டிரைவரிடம் யாராவது ஒரு மிஸ்திரி, "இஞ்சன் பைட் கயா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். ஹெட் கழற்றப்படும், வண்டி நாள்கணக்கில் நிற்கும், சரக்குக்காரர் ஒரு பக்கம், ஊரிலிருந்து முதலாளி ஒரு பக்கம் போனில் சத்தம் போடுவார்கள். இதற்கு நேர்மாறாகவும் நடப்பதுண்டு. "குளிர்தானே, சூடானால் சரியாகும்" என்று கிளப்பிக்கொண்டு போன வண்டி, குவாலியர் தாண்டுவதற்குள் கிராங்க் பிடித்து நின்றுவிடும். இரண்டு நஷ்டத்தையும் தவிர்க்கக் காதும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

குளிரில் ஏன் இரைகிறது?

டீசல் எஞ்சினில் பெட்ரோல் வண்டி போலத் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை ஏறக்குறைய பதினாறு, பதினெட்டு மடங்கு நெருக்கும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. அதில் நாசில் டீசலைத் தெளித்ததும் தானாகவே பற்றிக்கொள்கிறது. உள்ளே வரும் காற்றே குளிர்ந்திருந்தால்? 2021 ஜனவரி 1 அன்று டில்லியில் குறைந்தபட்ச வெப்பம் 1.1 டிகிரிதான். இரும்பும் ஜில்லிட்டுக் கிடக்கிறது. ஆயில் கெட்டிப்பட்டு, பேட்டரியும் சோர்ந்து, கிராங்க் மெதுவாகச் சுற்றுகிறது. தெளித்த டீசல் உடனே பற்றாமல் ஒரு கணம் தேங்கி, பிறகு மொத்தமாகக் குபீரென்று வெடிக்கிறது. அந்த அடிதான் கடகட சத்தம். பற்றாமல் போன டீசல்தான் கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை.

இதோடு இன்னொன்றும் சேருகிறது. அலுமினியப் பிஸ்டன், அது ஓடும் இரும்பு லைனரைவிட ஏறக்குறைய இரு மடங்கு சுருங்கி விரியக்கூடியது. குளிரில் இடைவெளி கூடுவதால், பிஸ்டன் லைனர் சுவரில் மொத்து மொத்தென்று தட்டும். சூடேறி விரிந்ததும் சத்தம் அடங்கும். ஓடித் தேய்ந்த எஞ்சினில் இது கூடுதலாகவே கேட்கும். கவனிக்க வேண்டியதுதான், ஆனால் அன்றைக்கே ஹெட்டைக் கழற்ற வேண்டிய விஷயமல்ல.

மூன்று கேள்விகள்

சத்தம் சூட்டில் குறைகிறதா, கூடுகிறதா? இதுவே முதல் கேள்வி. பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும். சூடேறக் குறைகிற சத்தத்துக்கு அவசரமில்லை. சூடேறி ஆயில் இளகிய பிறகு, மேட்டில் லோடு இழுக்கும்போது ஆழத்திலிருந்து "தொம் தொம்" என்று வருவது பேரிங் சத்தம். அதற்குத் தவணை கிடையாது.

ஆயில் கேஜ் என்ன சொல்கிறது? ஸ்டார்ட் ஆனதும் பத்துப் பதினைந்து வினாடிக்குள் முள் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் உடனே அணைத்துவிடுவதே நல்லது. குளிரில் நன்றாக ஏறி, சூடானபின் ஐடிலில் படுத்துவிடுகிற முள்ளும் பேரிங் தேய்மானத்தின் அடையாளம்தான். சந்தேகம் தீர வேண்டுமானால் ஆயில் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். மடிப்புகளில் மினுமினுவென்று உலோகத்தூள் இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது? நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்துப் பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்தினால், டாக்டர் குழாய் வைத்துப் பார்ப்பது போல் தெளிவாகக் கேட்கும். ராக்கர் கவரில் "டிக் டிக்" என்றால் டாப்பெட். கீழே சம்ப் பக்கம் கனமாக இருந்தால் கிராங்க். ஒரு எச்சரிக்கை: குளிருக்குப் போர்த்திய துப்பட்டியோடும் தொங்கும் மப்ளரோடும் ஓடுகிற ஃபேன் அருகே குனியாதீர்கள்.

டாப்பெட் விஷயத்தில் ஒரு வார்த்தை. சத்தம் கேட்கிறதே என்று அதை ஒரேயடியாக இறுக்கிவிடுகிறார்கள். சத்தம் போகும். ஆனால் சூட்டில் வால்வு முழுதும் மூடாமல் கருகும்; மறுநாள் ஸ்டார்ட்டிங் இன்னும் மோசமாகும். கம்பெனி சொன்ன இடைவெளியைக் கேஜ் வைத்துப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

எஞ்சின் மேல் வீண்பழி

எஞ்சினிலிருந்து வராத சத்தங்களும் உண்டு. காலையில் முதல் சில நிமிஷம் லாரி புயல் மாதிரி உறுமினால், அது தானாக விட்டுப் பிடிக்கும் விஸ்கஸ் ஃபேனாக இருக்கலாம். சற்று நேரத்தில் அடங்கும். "கிரீச்" என்றால் பெல்ட். ஏர் டேங்க் நிரம்பி 'புஸ்' என்று காற்று விட்டவுடன் தட்டும் சத்தம் மாறினால், குற்றவாளி ஏர் கம்ப்ரஸர்தான். குளிரில் "டிக் டிக்" என்று கேட்டு, சூடானதும் மறைந்து, மேனிஃபோல்டு ஓரத்தில் கரி படிந்திருந்தால் கேஸ்கெட்டில் புகை கசிகிறது. இத்தனைக்கும் எஞ்சினை இறக்க வேண்டியதில்லை.

பழைய பம்ப் வண்டிகளில் ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகச் சற்றுத் தளர்த்தி, எந்த சிலிண்டரில் சத்தம் குறைகிறது என்று பார்ப்பது பழக்கம். எந்த சிலிண்டர் என்பதை அது சொல்லும். நாசிலா, பிஸ்டனா, பேரிங்கா என்று சொல்லாது. ஆனால் காமன் ரெயில் வண்டியில் இந்த வேலையே கூடாது. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் பைப்புக்குள் ஆயிரம் பாருக்கும் மேலாக அழுத்தம் ஏறும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு சதைக்குள் போய்விடும். அதற்குக் கம்ப்யூட்டர் மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

மிஸ்திரியிடம் சொல்ல

பாஷை தெரியாதவர்கள் இரண்டு வாக்கியம் மனப்பாடம் செய்துகொள்ளலாம். "தண்டே மேம் ஆவாஸ் ஆத்தீ ஹை, கரம் ஹோனே பர் பந்த் ஹோ ஜாத்தீ ஹை": குளிரில் சத்தம் வருகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது. பேரிங் சந்தேகமானால், "கரம் ஹோனே பர் ஆவாஸ் பட்த்தீ ஹை": சூடானதும் கூடுகிறது. இப்படிச் சொன்னால், விஷயம் தெரிந்த ஆள் என்று மிஸ்திரியும் ஜாக்கிரதையாகப் பேசுவார். டிரைவருக்காகப் போனில் ஹிந்தி பேசிக் கொடுக்கும் நம் ஆபீஸ் அன்பர்களும் இவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

அபோஹர் பக்கம் கின்னு ஆரஞ்சு ஏற்றவும், காஷ்மீருக்கு ஆப்பிள் ஏற்றவும் போகிறவர்கள் டீசலையும் கவனிக்க வேண்டும். நம் நாட்டுத் தர விதிப்படி டீசல் உறையாமல் ஓட வேண்டிய எல்லை கோடையில் 15 டிகிரி, குளிர்காலத்தில் 3 டிகிரி. தெற்கே போட்ட டீசல் மிச்சம் இருந்தால் பனியில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும். எஞ்சின் திக்கித் திணறும். மேலே ஏறுமுன் அந்தந்தப் பகுதி டீசலைப் போட்டுக்கொள்வது உத்தமம். லடாக்குக்காக மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்தது. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அங்கே போனால் உறைந்து பிளாக்கே வெடிக்கக்கூடும், கூலண்ட் அவசியம்.

காலைக் குளிருக்குப் பயந்து ராத்திரி முழுக்க எஞ்சினை ஓட விடுகிறார்கள். டீசல் வீணாவதோடு, ஐடிலில் சிலிண்டர் சூடு பற்றாமல், எரியாத டீசல் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். அதைவிட மோசம், சம்ப்புக்கும் டீசல் டேங்குக்கும் அடியில் துணியைச் சுற்றிப் பந்தம் கொளுத்துவது. ஏர் பிரேக் குழாய்களில் பல நைலான். இளகினால் பார்வைக்குத் தெரியாது, மலை இறக்கத்தில்தான் தெரியும். 15டபிள்யூ-40 போன்ற மல்டிகிரேடு ஆயிலும் நல்ல பேட்டரியும் இருந்தால் டில்லிக் குளிருக்குப் பந்தம் தேவையில்லை. ஸ்டார்ட் ஆனபின் மூன்று, நான்கு நிமிஷம் ரேஸ் கொடுக்காமல் விட்டு, முதல் சில கிலோமீட்டரைத் தாழ்ந்த கியரில் மெதுவாக ஓட்டிப் போங்கள். அதற்குப் பிறகும் சத்தம் அடங்காவிட்டால் மிஸ்திரியைத் தேடலாம்.