பெற்ற தாயை மறக்கச் சொல்லாத வளர்ப்புத் தாய்

பிள்ளை இல்லாத தம்பதியர் ஒரு குழந்தையை எடுத்து வளர்க்க நினைத்தால், "கைக்குழந்தையாகப் பாருங்கள். விவரம் தெரிவதற்கு முன் வந்தால்தான் ஒட்டும்" என்றே வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஐந்தாறு வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் தயக்கம். அதுவும் வேறு நாட்டில் பிறந்து வேறு மொழி பேசும் பிள்ளை என்றால் தயக்கம் இன்னும் கூடும். அதற்குப் பெற்ற தாயின் முகம் நினைவிருக்குமே, அது நம்மைத் தாயாக ஏற்குமா என்ற கவலைதான் காரணம்.

கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால், அந்த நினைவை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. அழித்துவிட முயல்வதா, இடம் கொடுப்பதா? உலகம் அறிந்த ஒரு குடும்பத்தின் அனுபவம் இதற்கு நல்ல பதில் தருகிறது. மார்க்கம் காட்டும் வழியும் அதற்கு மிக அருகில் இருக்கிறது.

கண்ட்வாவிலிருந்து ஹோபார்ட் வரை

மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வா நகரில், கணேஷ் தலாய் என்ற ஏழைக் குடியிருப்பில் வாழ்ந்தது அந்தக் குடும்பம். தந்தை முஸ்லிம். அவர் மனைவி மக்களை விட்டுப் பிரிந்துபோய்விட்டார். தாய் கட்டட வேலையில் கல் சுமந்து நான்கு பிள்ளைகளை வளர்த்தார். 1986 இல் ஒரு நாள், ஐந்து வயதுச் சிறுவன் ஷேரு தன் அண்ணனோடு ரயிலில் புர்ஹான்பூர் போனான். அங்கே அண்ணன் வரும்வரை நிலையத்துப் பெஞ்சில் தூங்கினான். விழித்தபோது அண்ணனைக் காணவில்லை. நின்றிருந்த ரயிலில் ஏறித் தேடினான், அதிலேயே தூங்கிப்போனான். ரயில் அவனை ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் தள்ளி ஹவுராவில் இறக்கிவிட்டது.

ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வங்காள மொழி புரியவில்லை. சில வாரங்கள் கல்கத்தாத் தெருக்களில் திரிந்தான். பின்னர் சிறுவர் காப்பகத்துக்கும், அங்கிருந்து ஒரு தத்து நிறுவனத்தின் இல்லத்துக்கும் போய்ச் சேர்ந்தான். குடும்பத்தைத் தேடிப் பார்த்தும் கிடைக்காததால், 1987 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டான். டாஸ்மானியாவின் ஹோபார்ட் நகரைச் சேர்ந்த ஜான், சூ பிரையர்லி தம்பதி அவனை ஏற்றுக்கொண்டனர். தன் பெயரைக்கூட மழலையில் தவறாகச் சொல்லியதால் 'ஷேரு' அங்கே 'சரூ' ஆகிவிட்டான்.

இவர்கள் பிள்ளை பெற இயலாதவர்கள் அல்லர். ஏற்கெனவே பிறந்து ஆதரவின்றி நிற்கும் பிள்ளைகளுக்கு வீடு தருவோம் என்று முடிவு செய்துகொண்டவர்கள். அதனால் "எங்களுக்கு இப்படிப்பட்ட பிள்ளைதான் வேண்டும்" என்ற நிபந்தனை அவர்களிடம் இல்லை.

சுவரில் மாட்டிய வரைபடம்

அந்தத் தாய் செய்த காரியங்கள் எளியவை. மகனின் அறைச் சுவரில் இந்திய வரைபடத்தை மாட்டினார். அவன் ஆங்கிலம் கற்றுப் பேசத் தொடங்கியதும், பழைய வீட்டைப் பற்றி அவன் சொன்னதையெல்லாம் கேட்டு நோட்டில் எழுதிவைத்தார். வீடு எங்கே இருந்தது, ரயில் நிலையம் எந்தப் பக்கம், பாலம் எங்கே என்று இருவருமாக ஒரு படம் வரைந்தார்கள். "அதெல்லாம் முடிந்த கதை, இனி நான்தான் உன் அம்மா" என்று அவர் சொல்லவில்லை.

ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்குப் பிறகு, இளைஞரான சரூ 'கூகுள் எர்த்' மூலம் தன் ஊரைத் தேடத் தொடங்கினார். ரயில் ஓடிய நேரத்தையும் வேகத்தையும் கணக்கிட்டு, ஹவுராவிலிருந்து பிரியும் ஒவ்வொரு இருப்புப்பாதையாகப் பார்த்தார். 2011 இல் புர்ஹான்பூர் நிலையத்தின் தண்ணீர்த் தொட்டி கண்ணில் பட்டது. அங்கிருந்து கண்ட்வா, அங்கிருந்து சிறுவயதில் ஓடியாடிய தெரு. 2012 பிப்ரவரியில் நேரில் போனபோது, பெற்ற தாய் அதே பகுதியில் உயிரோடு இருந்தார். பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவி ஃபாத்திமா என்று பெயர் மாற்றிக்கொண்டிருந்தார். மகன் என்றாவது திரும்பி வந்தால் தேடி அலையக்கூடாது என்பதற்காகவே அவர் அந்தப் பகுதியை விட்டுப் போகாமல் இருந்திருக்கிறார். உடன் போன அண்ணன் மட்டும் உயிரோடு இல்லை. தம்பி தொலைந்த அந்த நாட்களிலேயே அவர் இருப்புப்பாதையில் இறந்துகிடந்ததாகத் தாய் சொன்னார்.

அடுத்த ஆண்டு சூ பிரையர்லி கண்ட்வாவுக்கு வந்து ஃபாத்திமாவைச் சந்தித்தார். ஒரே மகனின் இரண்டு தாய்மாரும் கட்டியணைத்துக்கொண்டார்கள். மகனை வளர்த்தவரும் இழக்கவில்லை, பெற்றவரும் இழக்கவில்லை. சரூ தொடர்ந்து ஹோபார்ட்டில்தான் வாழ்ந்தார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இவ்வளவு திறந்த மனத்தோடு வளர்க்கப்பட்டும், வளர்த்தவர்கள் மனம் நோகுமோ என்று அஞ்சித் தன் தேடலின் தீவிரத்தைச் சரூ நெடுநாள் அவர்களிடம் முழுமையாகச் சொல்லவில்லை. வளர்ப்புப் பிள்ளையின் மனத்தில் இப்படியொரு அச்சம் எப்போதும் இருக்கும். அதைப் போக்க வேண்டியவர்கள் நாம்தான். பிள்ளை வந்து கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அன்பு மட்டும் போதாத இடம்

இதே தம்பதி இரண்டு ஆண்டுகள் கழித்து இந்தியாவிலிருந்து இன்னொரு சிறுவனையும் அழைத்துக்கொண்டனர். அவனுக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். அனுமதிகள் தாமதமான காலத்தில் அவன் காப்பகத்தில் கொடுமைகளை அனுபவித்திருந்தான். வந்த புதிதில் கோபமும் கத்தலும் அடங்காத பிடிவாதமுமாக இருந்தான். ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே அன்பு. ஆனாலும் இரு பிள்ளைகளின் பாதையும் வெவ்வேறாக அமைந்தது.

வளர்ந்த பிள்ளையை எடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். அடிபட்ட பிள்ளை அன்பைக் கண்டதும் உருகிவிடாது. இது நிலைக்குமா என்று சோதித்துப் பார்க்கும். உணவை ஒளித்துவைக்கும், பொய் சொல்லும், தூங்க மறுக்கும். நன்றிகெட்ட தனம் என்று இதை எடுத்துக்கொண்டால் உறவு அங்கேயே முறிந்துவிடும். 2010 இல், ரஷ்யாவிலிருந்து தத்தெடுத்த ஏழு வயதுச் சிறுவனை, "இவனை எங்களால் வளர்க்க முடியாது" என்று கடிதம் எழுதிக் கொடுத்துத் தனியாக மாஸ்கோவுக்கு விமானம் ஏற்றி அனுப்பியது ஓர் அமெரிக்கக் குடும்பம். முன்கூட்டியே உண்மையைக் கேட்டறிந்து, மனநல ஆலோசகரின் துணையும் சுற்றத்தாரின் உதவியும் இருந்தால் தாங்கக்கூடிய பாரம், தனியே சுமந்தால் இப்படித்தான் முடியும்.

ஸைத் (ரலி) அவர்களின் வரலாறு

வேறு ஊரிலிருந்து வந்த, விவரம் தெரிந்த பிள்ளையை வளர்ப்பது நமக்குப் புதிய செய்தியல்ல. கல்ப் கோத்திரத்துச் சிறுவரான ஸைத் (ரலி), தாயோடு பயணம் போனபோது கொள்ளையரால் கடத்தப்பட்டு, உக்காழ் சந்தையில் விற்கப்பட்டார். கதீஜா (ரலி) அவர்களிடம் வந்து சேர்ந்து, பின்னர் நபி (ஸல்) அவர்களின் வீட்டில் வளர்ந்தார். பல ஆண்டுகள் தேடிய தந்தை ஹாரிஸா, மகன் இருக்குமிடம் அறிந்து மீட்க மக்காவுக்கு வந்தார். நபி (ஸல்) அவர்கள் தந்தையை விரட்டவில்லை, மகனை மறைக்கவுமில்லை. விரும்பினால் போகலாம், விரும்பினால் இருக்கலாம் என்று முடிவை ஸைதிடமே விட்டார்கள். அவர் நபியவர்களோடு இருப்பதையே தேர்ந்தெடுத்தார்.

அதன்பின் மக்கள் அவரை 'ஸைத் இப்னு முஹம்மத்' என்று அழைத்தனர். பிற்பாடு அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4, 5 ஆம் வசனங்கள் இறங்கி, வளர்ப்புப் பிள்ளைகளைச் சொந்தத் தந்தையரின் பெயராலேயே அழைக்கக் கட்டளை வந்தது. அவர் மீண்டும் ஸைத் இப்னு ஹாரிஸா ஆனார். அதனால் பாசம் குறையவில்லை. முஅத்தா போருக்குத் தளபதியாக நபி (ஸல்) அவர்கள் அனுப்பியதும் அவரைத்தான்.

"இஸ்லாத்தில் தத்து இல்லை" என்று ஒரே வரியில் சொல்லி நாம் இந்தப் பொறுப்பிலிருந்து நழுவிவிடுகிறோம். தடுக்கப்பட்டது வம்சத்தை மாற்றி எழுதுவது மட்டுமே. அநாதைக்கு உணவும் கல்வியும் பாசமும் வீடும் தருவதற்குத் தடையில்லை. சொர்க்கத்தில் நபியவர்களுக்கு அருகில் இருக்கும் தகுதி அநாதையைப் பொறுப்பேற்பவருக்கு உண்டு என்ற நற்செய்தியையும் நாம் அறிவோம். இந்தப் பொறுப்பேற்பைத்தான் 'கஃபாலா' என்கிறோம். 1989 இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 20 ஆம் பிரிவு, கஃபாலாவையும் பெயர் சொல்லி அங்கீகரித்திருக்கிறது.

தந்தை பெயரை மாற்றாதே என்ற கட்டளை, வளர்ந்த பிள்ளைக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது சரூவின் கதையைப் படித்தால் விளங்கும். 'நீ யார்' என்பதை யாரும் அதனிடமிருந்து பறிக்க முடியாது.

வீட்டுக்குள் கவனிக்க வேண்டியவை

இரண்டு வயதுக்குள் பாலூட்டினால் பால்குடி உறவு ஏற்பட்டு மஹ்ரம் ஆகிவிடும். வளர்ந்து வரும் பிள்ளைக்கு, பெரும்பான்மை அறிஞர்களின் கருத்துப்படி, அந்த வழி இல்லை. எனவே பிள்ளை பருவமடையும் முன்பே தனி அறை, உடை, தனித்திருத்தல் ஆகியவற்றில் ஒழுங்கை வகுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை ஒதுக்கப்பட்டதாக உணராதபடி, சிறுவயதிலிருந்தே வீட்டு நடைமுறையாக இதைப் பழக்குவது நல்லது.

வளர்ப்புப் பிள்ளை மார்க்கச் சட்டப்படி வாரிசு ஆகாது. ஆனால் சொத்தில் மூன்றில் ஒரு பங்குவரை வஸிய்யத் எழுதலாம். வாழும் காலத்திலேயே அன்பளிப்பாகவும் கொடுக்கலாம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், நாம் மௌத்தான பின் பிள்ளை தெருவில் நிற்கும். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு இப்போதே எழுதிவையுங்கள்.

சட்டம் சொல்வது என்ன?

இந்திய முஸ்லிம்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 1890 ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி காப்பாளர் ஆவது. இது பொதுவாகப் பிள்ளைக்கு 18 வயதாகும்வரை நிற்கும். மற்றது, 2015 ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி தத்தெடுப்பது. எந்த மதத்தவரும் விரும்பினால் இந்தச் சட்ட வழியில் தத்தெடுக்கலாம் என்று, இதற்கு முந்தைய சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கிலேயே 2014 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த இரண்டாவது வழியில், சட்டத்தின் பார்வையில் பழைய உறவு அறுந்து பிள்ளை உங்கள் சொந்தப் பிள்ளை ஆகிவிடும். எனவே, பெற்றோர் பற்றிய விவரங்களைத் தனியே பாதுகாத்து வைப்பது உங்கள் பொறுப்பு.

நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கு 1993 ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை இருக்கிறது. இந்தியா 2003 இல் அதை ஏற்றது. இங்கே அதற்குப் பொறுப்பு 'காரா' எனப்படும் மத்திய அமைப்பு. வெளிநாட்டில் வாழும் நம்மவர்கள் ஊரிலுள்ள உறவினரின் பிள்ளையைத் தத்தெடுப்பதாக இருந்தாலும் 'காரா'வின் தடையில்லாச் சான்று வேண்டும். முறையான வழியை விட்டு ஆதரவற்ற பிள்ளையை எடுத்தால் மூன்று ஆண்டுவரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இந்தக் கட்டுப்பாடுகள் வீணானவை அல்ல. 2007 இல் ஒரு பிரெஞ்சு அமைப்பு, டார்ஃபூர் போர் அநாதைகள் என்று சொல்லி 103 குழந்தைகளைச் சாட் நாட்டிலிருந்து விமானத்தில் கொண்டுபோக முயன்று பிடிபட்டது. விசாரித்தபோது, பெரும்பாலானோருக்குப் பெற்றோரோ உறவினரோ உயிரோடு இருந்தது தெரியவந்தது. போர், பூகம்பச் செய்திகளைக் கண்டு கண்கலங்கி "ஒரு பிள்ளையை நாமே கொண்டுவந்துவிடலாம்" என்று நினைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளையை இழந்து தேடும் ஒரு தாய் எங்கோ இருக்கலாம். குடும்பம் இருக்கும் பிள்ளைக்கு, அது வாழும் இடத்திலேயே படிப்புக்கும் உணவுக்கும் பொறுப்பேற்பதே முதல் உதவி.

எல்லா வழியும் தேடி, வேறு வீடில்லை என்று உறுதியான பிள்ளைக்கு உங்கள் கதவைத் திறக்கிறீர்களா? அல்ஹம்துலில்லாஹ். அது வரும்போது தன் மொழியையும், தாயின் முகத்தையும், ஊரின் தெருவையும் சேர்த்தே கொண்டுவரும். கேட்டு எழுதிவையுங்கள். தொழுகைக்குப் பின் அந்தத் தாய்க்காகவும் துஆ செய்யப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். நம்மோடு ஒட்டுமா என்ற கவலை அதன்பின் இருக்காது, இன்ஷா அல்லாஹ்.