60 கிலோவாட்டில் 6 காரா, 36 ஆட்டோவா? திருச்சியின் சார்ஜிங் கணக்கு

2023-ல் திருத்தி வெளியிட்ட மின்வாகனக் கொள்கையில் தமிழக அரசு ஆறு முன்னோடி நகரங்களைக் குறித்தது: சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி. பட்டியலில் பேர் வந்தாயிற்று. இனி திருச்சி மாநகராட்சி கணக்குப் போட வேண்டும்.

இடம்
மாநகராட்சியின் பரப்பு 167.23 சதுர கி.மீ. மத்திய மின் அமைச்சகத்தின் 2022 நெறிமுறைப்படி 3×3 கி.மீ. கட்டத்துக்கு ஒரு பொது சார்ஜிங் நிலையம் வேண்டியிருந்தது, அப்படியானால் 19. 2024 நெறிமுறை, 2030-க்குள் கட்டம் 1×1 ஆக வேண்டும் என்கிறது, அப்போது 168. வார்டுகள் 65. வார்டுக்கு இரண்டு வைத்தாலும் போதாது.

மின்சுமை
168 இடத்திலும் 60 கிலோவாட் வேக சார்ஜர் வைத்தால் சுமார் 10 மெகாவாட். மாதிரிக் கட்டட விதிகள் சொல்லும் 1.25 பாதுகாப்பு மடங்கைச் சேர்த்தால் 12.6. நிலையத்துக்கு 75 கிலோவாட் என்றால், 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் மற்ற வீடுகளுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

வரவு
அரசு நிலத்தைத் தந்தால் நிலம் தந்த அமைப்புக்கு யூனிட்டுக்கு 1 ரூபாய் பங்கு என்றது 2022 நெறிமுறை. பயன்பாட்டை அனுமானமாக வைத்து, ஒரே 60 கிலோவாட்டை இரண்டு விதமாகப் பிரித்துப் பார்ப்போம்.

• வேக சார்ஜர் 1: நாளுக்கு 3 மணி நேரம், 180 யூனிட். காருக்கு 30 யூனிட் வீதம் 6 கார். ஆண்டு வரவு ரூ.65,700.
• 3.3 கிலோவாட் பிளக்பாயிண்ட் 18: பகலில் ஒரு சுற்று, இரவில் ஒரு சுற்று. ஆட்டோவுக்கு 7.4 யூனிட் வீதம் 36 ஆட்டோ, 266 யூனிட். ஆண்டு வரவு ரூ.97,236.

இன்னொரு லாபமும் உண்டு. கம்பத்துக்கு மூன்று பிளக்பாயிண்ட் என்று ஆறு ஆட்டோ ஸ்டாண்டுகளுக்குப் பிரித்துவிடலாம். ஒவ்வொன்றும் 10 கிலோவாட்டுக்குள் அடங்கும். ஒரே டிரான்ஸ்பார்மர் மேல் பாரம் விழாது.

ஸ்ரீரங்கம்
காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவு. அதில் 156 ஏக்கரில் கோயில். சித்திரைத் தேர் வீதி முழுவதையும் கேட்கும். வைகுண்ட ஏகாதசிக் கூட்டமும் அப்படியே. சாலையோரம் பெரிய பெட்டி நிறுத்த இங்கே வழியில்லை. கம்பம் ஸ்டாண்டின் சுவரோரம், வெள்ளம் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். வேக சார்ஜருக்கு உரிய இடம் 2025-ல் திறந்த பஞ்சப்பூர் பேருந்து முனையமும் நெடுஞ்சாலை ஓரமும்.

ஒப்பீடு
மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங்குக்கு ரூ.2,000 கோடி. இலக்கு: கார்களுக்கு 22,100, பேருந்துகளுக்கு 1,800, இரு, மூன்று சக்கர வாகனங்களுக்கு 48,400. மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு சின்ன வண்டிகளுக்கு.

செலவு வரிசை
முதலில் டிரான்ஸ்பார்மர் வாரியாக மீதித் திறனைக் கணக்கெடுப்பது. அடுத்து ஆட்டோ ஸ்டாண்டுகளில் பிளக்பாயிண்ட். கூடவே புதுக் கட்டடங்களின் வாகன நிறுத்தத்தில் 20 சதவீதம் சார்ஜிங்குக்கு ஒதுக்கும் 2019 மாதிரி விதியை, அனுமதி வழங்கும்போதே நிறைவேற்றுவது. இதற்கு மாநகராட்சிக்குக் கைக்காசு செலவில்லை. வேக சார்ஜர் கடைசியில்.